உஷ் சார் பஸ் ஏறுகிறார்

நெடுந்தூரப் பேருந்துப் பயணிகளில் எத்தனையோ வகை உண்டு. ஏறியதும் செருப்பைக் கழற்றிவிட்டு முன்சீட்டின் தலைமேல் கால் நீட்டுபவர், ஜன்னலைத் திறந்தால் சளி பிடிக்கும் என்பவர், மூடினால் மூச்சு முட்டும் என்பவர், செங்கல்பட்டு வருவதற்குள் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துவிடுபவர். இவர்களெல்லாம் பரவாயில்லை. இன்று நாம் பார்க்கப்போவது வேறு இனம். இதற்குச் சத்தம் ஆகாது. ஹாரன், டிவி, செல்போன், கைக்குழந்தை, ஜன்னல் கண்ணாடியின் கடகடப்பு, பின்சீட்டில் யாரோ முறுக்குக் கடிக்கும் ஓசை, எதுவுமே ஆகாது. ஒரே ஒரு சத்தத்துக்கு மட்டும் விலக்கு உண்டு. அது எது என்று உங்களுக்கே சீக்கிரம் தெரிந்துவிடும்.

இந்த இனத்தின் முதல்தரமான மாதிரி ஒன்று அஸ்தினாபுரத்தில் வசிக்கிறது. பெயர் வேதசிரோமணி, ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். முப்பத்து நாலு வருட சர்வீஸில் அவர் வாயிலிருந்து அதிகம் வந்த வார்த்தை 'உஷ்'. அதனால் பிள்ளைகள் அவருக்கு உஷ் சார் என்று பெயர் வைத்தார்கள். பின்பு அந்தப் பெயர் பால்காரர் வரை பரவிவிட்டது. பள்ளிக்கூடம் அவரை வீட்டுக்கு அனுப்பிவிட்டது, உஷ் மட்டும் ஓய்வு பெற மறுத்துவிட்டது. வீட்டில் அதைக் கேட்டுக்கொள்ள மிச்சமிருப்பவர் அவருடைய மனைவி சாராள். அவரும் டீச்சராக இருந்தவர்தான். கணக்குப் பாடம். அரை மார்க் கூட்டவும் மாட்டார், குறைக்கவும் மாட்டார்.

சாராள் டீச்சருக்குப் பஸ் பயணம் என்றாலே பயம். காரணம் உண்டு. போன வருடம் மகள் பிளஸ்ஸி திருச்சியில் புது வீடு கட்டிக் குடிபோனாள். அந்தக் குடிபுகும் ஜெபத்துக்குப் போகும் வழியில் உஷ் சார் டிரைவரோடு ஹாரனைப் பற்றி விவாதம் ஆரம்பித்தார். டிரைவர் அச்சரப்பாக்கம் தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டி, இரண்டு பேரையும், அவர்கள் பரிசாகக் கொண்டுபோன கிரைண்டரையும் இறக்கிவிட்டுப் போய்விட்டார். அவர்கள் எப்படியோ திருச்சி போய்ச் சேர்ந்தபோது ஜெபம் முடிந்து, பிரியாணியும் முடிந்து, ஷாமியானாக்காரர் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். சம்பந்தி வீட்டார் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதுதான் டீச்சருக்கு இன்னும் வலித்தது.

இந்தத் தடவை பேத்திக்கு ஞானஸ்நானம். சனிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் ஆயர் கையில் கொடுக்க வேண்டியவர் சாராள் டீச்சர். பிளஸ்ஸி போனில் தெளிவாகச் சொல்லிவிட்டாள்: "அம்மா, அப்பா பஸ்ல வாயத் திறந்தார்னா நீங்க மட்டும் வந்து சேருங்க. இந்த வாட்டியும் லேட்டாச்சுன்னா நான் இவங்க வீட்ல தலை நிமிர முடியாது."

ரயிலில் போயிருக்கலாமே என்பீர்கள். ரயிலில் டீயைக் கூவி விற்கிறார்கள்.

ஆகவே பஸ். பெருங்களத்தூரில் காலை ஒன்பது மணிக்கு ஏறினார்கள். ஏறுவதற்கு முன் உஷ் சார் நெஞ்சில் கைவைத்து, திருச்சி வரை ஒரு வார்த்தை பேசமாட்டேன் என்று சத்தியம் செய்தார். ஏறி உட்கார்ந்ததும் தன் ஆயத்தங்களைத் தொடங்கினார். முதலில் இரண்டு காதிலும் பஞ்சு. பஞ்சுக்கு மேல் கம்பளிக் குல்லாய். குல்லாய்க்கு மேல், மகன் வாங்கிக் கொடுத்த, காதை முழுசாக மூடும் பெரிய ஹெட்போன். அந்த ஹெட்போனில் பாட்டு ஓடாது, பிரசங்கம் ஓடாது. மழை பெய்யும். வெளிச் சத்தத்தை அமுக்குவதற்காக எட்டு மணி நேரம் கொட்டும் மழையோசையைச் செல்போனில் பதிவிறக்கி வைத்திருந்தார். அதை உச்ச அளவில் வைத்துக் கேட்பார். சத்தத்துக்குப் பயந்து சத்தத்துக்குள்ளேயே போய் உட்கார்ந்துகொள்வது இந்த இனத்தின் விசேஷ குணம்.

இத்தனையும் மாட்டியபிறகு வெளியே நடப்பது கேட்காதே, அப்புறம் எப்படிப் புகார் செய்வார் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. கண்ணால்தான். யாருடைய வாயாவது அசைந்தால் அது சத்தம். வெற்றிலை மெல்லுபவர், கொட்டாவி விடுபவர், மனசுக்குள் ஜெபம் செய்பவர், யாரும் தப்ப முடியாது. சந்தேகம் வந்தால், சத்தம் இன்னும் இருக்கிறதா என்று சரிபார்ப்பதற்காக, ஹெட்போனின் ஒரு பக்கத்தை லேசாகத் தூக்கிக் கேட்பார். இருக்கும். ஒரு மாதிரி திருப்தியோடு மறுபடி மூடிக்கொள்வார். அவரால் கேட்கவே முடியாத ஒன்று அவருடைய சொந்தக் குரல். கொட்டுகிற மழையில் நிற்கும் மனிதர் எப்படிப் பேசுவார்? அப்படித்தான் பேசுவார்.

சத்தியம் வண்டலூர் பாலம் வரை தாங்கியது. அங்கே டிவியில் படம் போட்டார்கள். கதாநாயகன் பத்துப் பேரை ஒரே நேரத்தில் உதைத்தான். உஷ் சார் எழுந்து நின்று ஒரு உஷ் போட்டார். கடைசி வரிசையில் தூங்கிக்கொண்டிருந்த இரண்டு பேர் பதறி எழுந்து, திருச்சி வந்துவிட்டதா என்று கேட்டார்கள். கண்டக்டர் தசரதன் ஓடிவந்தார்.

"இன்னா சார், படம் புடிக்கலியா? வேற போடவா?"

சாராள் டீச்சர் கெஞ்சும் முகத்தோடு ஒன்றுமில்லை என்று சைகை காட்டினார். ஆனால் அதற்குள் உஷ் சாரின் பார்வை அடுத்த சீட்டுக்குப் போய்விட்டது. அங்கே படப்பையைச் சேர்ந்த ரத்தினம் என்ற மனைத் தரகர், ஒரகடம் பக்கம் இரண்டு கிரவுண்டு இருப்பதைப் போன் வழியாகவும், போன் இல்லாமலேயே கேட்கும்படியும், யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார். அவருக்கு ஒரு உஷ். இந்தப் பக்கம் அம்மணி என்ற பெண், பள்ளிக்கரணையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பைப் பெருக்கித் துடைக்கும் வேலையில் இருப்பவர், பெரம்பலூரில் அக்காவைப் பார்க்கப் போகிறவர், செல்போனில் குட்டிக் குட்டி வீடியோக்களாகத் தள்ளிக்கொண்டிருந்தார். ஒவ்வொன்றிலும் யாரோ ஒருவர் பாதிச் சிரிப்பில் நின்றுபோனார். அவருக்கு இரண்டு உஷ். சிங்கபெருமாள் கோயில் தாண்டுவதற்குள் பஸ்ஸில் பாதிப் பேர் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். டிரைவரும் கண்ணாடியில் பார்த்துக்கொண்டிருந்தார்.

டிரைவரின் அந்தப் பார்வை டீச்சருக்கு ஏற்கெனவே தெரிந்த பார்வை. என்ன செய்வது? வகுப்பு கட்டுமீறினால் என்ன செய்வோம் என்று யோசித்தார். ஒரு டைரியையும் பேனாவையும் எடுத்தார். கணவரின் ஹெட்போனைத் தூக்கி, நீங்கள் பேசவேண்டாம், பேசுகிறவர்கள் பெயரை நான் எழுதி வைக்கிறேன், போதுமா என்றார். மனிதரின் முகம் மலர்ந்துவிட்டது. இத்தனை வருடத் தாம்பத்தியத்தில் மனைவி இவ்வளவு அழகான யோசனை சொன்னதே இல்லை என்று நினைத்திருக்க வேண்டும். பேசாமல் உட்கார்ந்திருந்தால் காரியம் முடிந்திருக்கும். ஆனால் அறிவிக்காத சட்டம் சட்டமாகுமா? அவர் இரு பக்கச் சீட்டுகளுக்கு நடுவே நின்று, மழைக்கு மேலே குரலை உயர்த்தி, முழு பஸ்ஸுக்கும் அறிவித்தார்.

"இனிமே பேசறவங்க பேரை டீச்சர் எழுதுவாங்க. திரும்பத் திரும்பப் பேசினா பெருக்கல் குறி."

அப்போது ஒரு அதிசயம் நடந்தது. ஐம்பது பேரும் வாயை மூடிக்கொண்டார்கள். வீடு கட்டியவர்கள், பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர்கள், பைபாஸ் ஆபரேஷன் செய்துகொண்டவர்கள், எல்லோருக்கும் நாலாம் வகுப்பு ஞாபகம் வந்துவிட்டது. நம் ஊரில் எல்லோருக்கும் போலீஸ் பயம் போய்விடும், கரும்பலகையின் மூலையில் பெயர் வரும் பயம் மட்டும் போகவே போகாது. ரத்தினம் கையால் வாயைப் பொத்திக்கொண்டு, அப்புறம் பேசறேன், இங்க பேரு எழுதறாங்க என்று போனில் கிசுகிசுத்தார். கண்டக்டர் தானாகவே டிவியை அணைத்தார். செங்கல்பட்டு சுங்கச்சாவடி வரை பஸ்ஸில் எஞ்சின் மட்டும்தான் பேசியது. சாராள் டீச்சர் மனதுக்குள் ஸ்தோத்திரம் சொன்னார்.

ஆனால் பெயர் எழுதும் இடத்தில் கோள் சொல்லாமல் யாரால் இருக்க முடியும்? அம்மணிதான் தொடங்கினார். "டீச்சரக்கா, ஜன்னலாண்ட ஒருத்தர் பிஸ்கட் கவர பிரிச்சுகினு கீறாரு. எழுதிக்கோ." பிஸ்கட்காரர், கோள் சொன்னதும் பேச்சுதானே, அதையும் எழுதுங்கள் என்றார். நியாயம்தான் என்று டீச்சர் இரண்டு பேரையும் எழுதினார். ரத்தினம் எழுந்து வந்து, தான் ஒரே ஒரு தடவை பேசியதற்கு இரண்டு குறி ஏன் என்று மறுமதிப்பீடு கேட்டார். கேட்டதற்கு மூன்றாவது குறி விழுந்தது. பின்வரிசை, முன்வரிசைக்குச் சலுகை காட்டப்படுவதாகக் குற்றம் சாட்டியது. முன்வரிசை அதை மறுத்தது. உஷ் சார் ஒவ்வொரு வாயாகப் பார்த்து உஷ் போட்டுக்கொண்டே சீட்டுகளுக்கு நடுவே முன்னும் பின்னும் நடந்தார். மதுராந்தகம் தாண்டும்போது பஸ்ஸுக்குள் இருந்த இரைச்சலில், பக்கத்தில் வந்த லாரிக்காரர் என்ன விசேஷம் என்று எட்டிப் பார்த்தார்.

வண்டி ஓரங்கட்டி நின்றது. சாராள் டீச்சர் ஜன்னல் வழியே பார்த்தார். அச்சரப்பாக்கம் தாண்டியிருந்தது.

டிரைவர் சீட்டை விட்டு எழுந்து வந்தார். அமைதியாகத்தான் பேசினார். "நான் அட்ச்ச ஹாரனு எனக்கே கேக்கல. இதுக்கு யாரு காரணமோ அவங்க எறங்கிடுங்க. அதுவரைக்கும் வண்டி நகராது."

லிஸ்ட்டுதான் கையில் இருக்கிறதே, படிக்கச் சொன்னால் தெரிந்துவிடுமே என்று அம்மணி வழிகாட்டினார். உஷ் சார் ஹெட்போனின் ஒரு பக்கத்தைத் தூக்கிக் கேட்டார். கேட்டதும் புளகாங்கிதம் அடைந்தார்.

"ரொம்பச் சரி. அதிகம் பேசினது யாரோ அவங்க இறங்கணும். தயவு தாட்சண்யமே கூடாது. படி சாராள்." சொல்லிவிட்டு மறுபடி மழைக்குள் போய்விட்டார்.

டீச்சர் டைரியைப் பார்த்தார். அம்மணிக்கு நாலு குறி, ரத்தினத்துக்கு மூன்று, பிஸ்கட்காரருக்கு ஒன்று. எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பெயர் இருந்தது. அதன் குறிகள் அந்தப் பக்கத்தை நிரப்பி, அடுத்த பக்கத்துக்கும் போயிருந்தன. பொய் சொன்னால் பாவம் அம்மணி நெடுஞ்சாலையில் நிற்பார். உண்மையைச் சொன்னால் போன வருடம் நின்ற இடத்திலேயே போய் நிற்க வேண்டும், திருச்சியில் குழந்தையை வேறு யாராவது தூக்கிக்கொடுப்பார்கள். நினைத்தபோதே அவருக்கு அழுகை வந்தது. ஆனாலும் கணக்கு கணக்குதானே.

"வேதசிரோமணி," என்று படித்தார். "அறுபத்து மூணு."

பஸ் கொல்லென்று சிரித்தது. உஷ் சாருக்கு மனைவியின் உதடு அசைந்து நின்றது தெரிந்தது, ஐம்பது வாய்கள் திறந்திருப்பதும் தெரிந்தது. மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"படிச்சாச்சா? அப்புறம் என்ன யோசனை? அந்த ஆளை முதல்ல இறக்குங்க," என்று அச்சரப்பாக்கம் முழுக்கக் கேட்கும்படி சொன்னார்.

சாராள் டீச்சர் கண்டக்டர் பக்கம் திரும்பினார். "இறக்கறதுன்னா இறக்குங்க தம்பி. நான் இறங்கமாட்டேன். அஞ்சு மணிக்கு என் பேத்திக்கு ஞானஸ்நானம்." இதைச் சொல்லிவிட்டு, எட்டி, கணவரின் ஹெட்போனைக் கழற்றினார். குல்லாயைக் கழற்றினார். பஞ்சையும் எடுத்தார். அந்த நேரத்தில் உஷ் சார், தயங்காதீங்க, இறக்குங்க என்று இரண்டாவது முறை ஆரம்பித்திருந்தார். பாதியில் மழை நின்றுவிட்டது. மீதிப் பாதியை அவர் தன் காதாலேயே கேட்டார். யாரோ பின்னாலிருந்து கத்துவதாக நினைத்துத் திரும்பிக்கூடப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.

"நானா?" என்று கேட்டார். அன்று அவர் மெதுவாகப் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

டீச்சர் டைரியைக் காட்டினார். மனிதர் இரண்டு பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார். அது பேச்சு இல்லை, கண்காணிப்பு என்று சொல்ல வாயெடுத்து, பிறகு விட்டுவிட்டார். ரத்தினத்துக்கு மனசு கேட்கவில்லை. பேத்தி விசேஷமாம், விட்டுவிடுங்கள் அண்ணா, ஹெட்போனை மட்டும் டீச்சரம்மா பையில் வைத்துக்கொள்ளட்டும் என்று டிரைவரிடம் பரிந்து பேசினார். அம்மணியும் சேர்ந்துகொண்டார். டிரைவருக்கே சிரிப்பு வந்துவிட்டதால் வண்டி கிளம்பியது. அதன்பின் உஷ் சார் வெறும் காதோடு திருச்சி வரை வந்தார். விழுப்புரத்தில் படத்தை மறுபடி போட்டபோது வாயே திறக்கவில்லை. உளுந்தூர்பேட்டையில் ரத்தினத்திடம் அந்த இரண்டு கிரவுண்டு கிழக்குப் பார்த்ததா என்று விசாரித்தார்.

நாலு மணிக்கெல்லாம் கோயிலுக்குப் போய்விட்டார்கள். சம்பந்தி வீட்டார் எழுந்து வந்து வரவேற்றார்கள். பிளஸ்ஸி அம்மாவின் கையைப் பிடித்து அழுத்தினாள். சரியாக ஐந்து மணிக்கு சாராள் டீச்சர் வெள்ளைப் பட்டு கவுனில் பேத்தியை ஏந்திக்கொண்டு, தலை நிமிர்ந்து நடந்து ஆயர் முன் நின்றார். ஆயர் மைக்கைக் கொஞ்சம் கீழே இறக்கி, குழந்தையின் பெயரைக் கேட்டார். தண்ணீரைக் கண்டதும் குழந்தை வீறிட்டது. சாதாரண வீறல் இல்லை, தாத்தாவின் வாரிசு. டீச்சருக்குத் திக்கென்றது. ஓரக்கண்ணால் கணவரைப் பார்த்தார். அவர் உதடு மெல்லப் பிரிந்தது.

"உஷ்!"

கோயில் விதிர்விதிர்த்துப் போனது. பாடகர் குழு பாட்டுப் புத்தகத்தைப் புரட்டிய கையோடு நின்றது. ஆயர் ஞானஸ்நானக் கிண்ணத்தைக் கீழே விடப் பார்த்தார். குழந்தையே திகைத்து அழுகையை நிறுத்திவிட்டது. மைக் டீச்சரின் வாய்க்கு நாலு விரற்கடைத் தூரத்தில் இருந்ததால், ஒலிபெருக்கி கட்டியிருந்த வேப்பமரத்திலிருந்து காக்கைகள் பறந்ததாகப் பின்னால் சொன்னார்கள். எல்லோரும் உஷ் சாரைத்தான் திரும்பிப் பார்த்தார்கள். அவர் பாவம், ஆமென் சொல்வதற்காக வாயைத் திறந்தவர், அப்படியே நின்றுகொண்டிருந்தார். பிறகு ஒவ்வொரு தலையாக சாராள் டீச்சர் பக்கம் திரும்பியது. கடைசியாகத் திரும்பிய தலை பிளஸ்ஸியுடையது.

இந்த இனம் பிறப்பால் மட்டும் வருவதில்லை, பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாலும் தொற்றிக்கொள்ளும். உங்களுக்கு அந்தக் கவலை வேண்டாம், நீங்கள் சாதுவானவர், எனக்குத் தெரியும். ஆனால் நீங்கள் இதை வாசித்துக்கொண்டிருந்தபோது உள்ளே யாரோ மிக்ஸி போட்டார்களாம். "சித்த நேரம் நிம்மதியா படிக்க விடமாட்டீங்களா" என்று நீங்கள் சொன்னீர்களாம். மிக்ஸி ஓடியது பக்கத்து வீட்டுக்குத் தெரியாது. நீங்கள் சொன்னது தெருமுனை இஸ்திரி வண்டி வரைக்கும் தெரியும்.