செகண்ட் கியர் அண்ணன் ஓடிய ஓட்டம்

எங்கள் எஸ்டேட் மாடுகளுக்கு மட்டும் ஹாரன் அடிக்கத் தெரிந்திருந்தால், செகண்ட் கியர் அண்ணனின் ஜீப்பை ஒதுங்கச் சொல்லித் தினமும் அடித்திருக்கும். வண்டிப்பெரியாரைச் சுற்றியுள்ள மலைகளில் ஓடும் அத்தனை ஜீப்புகளிலும், பயணி நடுவழியில் இறங்கி, ஓரத்துக் கடையில் வெற்றிலை வாங்கிக்கொண்டு, அதே வண்டியில் மறுபடி ஏறிக்கொள்ள முடிந்தது அவருடைய ஜீப்பில் மட்டும்தான்.

அவருடைய உண்மையான பெயர் ரேஷன் கார்டுக்குத்தான் தெரியும். என் கணவரைவிட நாலைந்து வயது மூத்தவர். நல்ல தொந்தி. ஏற்றமானாலும் இறக்கமானாலும் செகண்ட் கியர்தான். மற்ற டிரைவர்கள் டீசல் மிச்சம் பிடிக்க இறக்கத்தில் நியூட்ரலில் விட்டுவிடுவார்கள். இவர் அதைக் கண்டால் கன்னத்தில் போட்டுக்கொள்வார்.

"அண்ணே, கொஞ்சம் தேர்டு போடக்கூடாதா? ஆபீஸ் பூட்டிருவாங்க" என்று யாராவது கேட்டால், "தேர்டு இருக்குதான். வீட்ல நகைகூட இருக்கு. தெனமுமா போட்டுக்கிட்டு அலையிறோம்?" என்பார்.

வண்டியோடு விட்டிருந்தால் பரவாயில்லை. மனிதர்களுக்கும் அதே கியர்தான் என்பது அவர் கொள்கை. ஜீப் நிறையும்வரை ஸ்டாண்டில் காத்திருக்க வேண்டுமே, அந்த நேரத்தில் பயணிகளைப் பிடித்து ஓடவிட்டுப் பரிசோதிப்பார். "எங்க, அந்தத் தண்ணி டேங்க் வரைக்கும் ஒரு ஓட்டம் ஓடு பாப்போம்." யாரானாலும் நன்றாகவே ஓடுவார்கள். தேயிலைக் கொழுந்து மூட்டை தூக்குகிறவர், பேக்டரி கிளார்க், ஓணத்துக்கு ஊருக்கு வந்த பெங்களூர் மாப்பிள்ளை, எல்லாரும் புலி மாதிரிப் பாய்வார்கள். "சரி, இப்ப அப்படியே ஆசுபத்திரி வளைவு வரைக்கும் போயிட்டு வா" என்பார். பெங்களூர் மாப்பிள்ளையை அன்று அதே ஜீப்பில் படுக்க வைத்துத்தான் கூட்டிப் போனோம்.

"பாத்துக்கோ," என்பார் அண்ணன், ஸ்டீயரிங்கைத் தட்டி. "பெரிய ஓட்டக்காரனையும் நம்மளையும் சின்ன தூரத்துக்கு ஓட விடு. அவன் ஜெயிப்பான். ஆனா நாம அவன் கண்ணுக்குத் தெரியிற தூரத்துலதான் கெடப்போம். கொஞ்சம் மானம் மிஞ்சும். அதே ஆளோட பள்ளிக்கூட மைதானத்த ரெண்டு சுத்து ஓடச் சொல்லு. அவன் குளிச்சு, டீ குடிச்சு, பேப்பர் படிச்சு முடிச்சிருப்பான். நாம அப்பத்தான் வாயால மூச்சு விட்டுக்கிட்டு வருவோம்."

"யானை தொரத்துனா, அண்ணே?"

"அப்ப டாப் கியரு. ஆனா அது ஓட்டமில்ல, பயம். பயத்தோட டேங்க் ரொம்பச் சின்னது தம்பி. தண்ணி டேங்க் தாண்டுறதுக்குள்ள காலியாயிரும்."

இதைச் சொல்லும்போது ஜீப்பில் இருக்கும் எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். காரணம் உண்டு. என் மகள் மித்ராவுக்கு மூன்று வயதிலிருந்து இளைப்பு. மழைக்காலம் வந்தால் நெஞ்சுக்குள் யாரோ சீட்டி அடிப்பது போலச் சத்தம் கேட்கும். அவள் இரண்டு முறை தொடர்ந்து இருமினால் போதும், நான் அவளைத் தூக்கிக்கொண்டு எங்கள் லயத்து வீட்டுப் படிகளில் தலைதெறிக்க இறங்கி, ஸ்டாண்டுக்கு வந்து சேரும்போது பேச மூச்சிருக்காது. "யாருக்கு இளைப்பு? அம்மாவுக்கா, பொண்ணுக்கா?" என்று கேட்பது அங்கே வழக்கமாகிவிட்டது.

ஒருநாள் பாதி வழியில் மித்ரா அங்கன்வாடிப் பாட்டை உற்சாகமாகப் பாட ஆரம்பித்துவிட்டாள். எனக்கு வெட்கமாகப் போயிற்று. "அண்ணே, வீட்டுக்கே திருப்பிருங்க" என்றேன். திருப்பினார். பாட்டு முடிந்ததும் இருமினாள். "அண்ணே, இல்ல, ஆஸ்பத்திரிக்கே போயிரலாம்." மறுபடி திருப்பினார். ஒரு முணுமுணுப்பு இல்லை. "யோசிங்க தங்கச்சி, தப்பில்ல. வளைவுல மட்டும் யோசிக்காதீங்க. நேர் ரோட்டுல யோசிச்சா திருப்புறதுக்கு எனக்குத் தோதா இருக்கும்" என்றார்.

பள்ளி ஆண்டுவிழாவில் பெற்றோருக்கு வழக்கமாக நூறு மீட்டர் ஓட்டம் மட்டும்தான். அந்த வருடம் அண்ணன் ஹெட்மாஸ்டரை விடாமல் அரித்து, மைதானத்தை இரண்டு சுற்று சுற்றும் ஓட்டத்தையும் சேர்க்கவைத்தார். நூறு மீட்டரில் என் கணவர், பெற்றோருக்குப் போட்டியாக ஓடவிட்ட, சப் ஜில்லா விளையாட்டுப் போட்டியில் ஓடிய ஒரு மாணவிக்கு நாலு எட்டு பின்னால் வந்து நின்றார். அன்று மதியம் அவர் நடந்த நடையே வேறு. சாயங்காலம் இரண்டு சுற்று ஓட்டம். முதல் வளைவில் அவர்தான் முன்னால். இரண்டாவது சுற்றில் அவரை அந்த மாணவி கடந்தாள், கிளார்க் கடந்தார், கடைசியில் ஐஸ் விற்பவர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு கடந்தார்.

"செருப்பு கடிச்சிருச்சு" என்றார் என் கணவர், புல்லில் படுத்தபடி.

"வெறுங்காலாத்தானே மாப்ள ஓடுனீங்க?" என்றார் அண்ணன்.

"நீங்க ஓட வேண்டியதுதானே?"

"நான் கோச்சு. கோச்சு ஓடுனா யாரு குத்தம் கண்டுபிடிக்கிறது?"

அவர் ஓடி யாரும் பார்த்ததில்லை. அதற்கு அடுத்த ஜூன் மாதம் வரை.

இரண்டு நாளாக விடாத மழை. கணவர் பேக்டரியில் ஷிப்டில் இருந்தார். விடிந்ததிலிருந்தே மித்ராவுக்கு மூச்சு சரியில்லை. இன்ஹேலரில் பஃப் அடித்துப் பார்த்தேன், அடங்கவில்லை. இது நிஜமா, என் பயமா என்று வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்தேன். எத்தனை தடவை வீணாகப் போயிருக்கிறோம்! ஆனால் அன்று அவள் பாடவில்லை, அழவில்லை, எதுவும் கேட்கவில்லை. விலா எலும்புகளுக்கு இடையில் தோல் உள்ளே இழுத்து இழுத்து வந்தது. அதைப் பார்த்ததும் அண்ணனுக்குப் போன் செய்தேன்.

பள்ளிக்கூடத்துக்கு முந்தைய வளைவில், ஒரு சில்வர் ஓக் மரம் ரோட்டுக்குக் குறுக்கே விழுந்து கிடந்தது. ஜீப் நின்றது. அங்கிருந்து எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு ஏறக்குறைய மைதானத்தை இரண்டு சுற்று சுற்றும் தூரம்.

அண்ணன் மரத்தைப் பார்த்தார். மித்ராவின் முகத்தைப் பார்த்தார். அவளை என் மடியிலிருந்து வாங்கித் தோளில் சாய்த்துக்கொண்டு, மரத்தைத் தாண்டி ஓட ஆரம்பித்தார்.

அப்படி ஒரு ஓட்டத்தை நான் பார்த்ததில்லை. தொந்தி ஒரு பக்கம், கைலி ஒரு பக்கம். ஒரு செருப்பு தேயிலைச் செடிக்குள் பறந்தது. டீக்கடையில் நின்றவர்கள் யானைதான் வருகிறதென்று கடைக்குள் ஓடிப் பலகையைச் சாத்தினார்கள். நான் மரத்தில் சிக்கிய சேலையை விடுவித்துக்கொண்டு பின்னால் ஓடும்போது அவர் பள்ளி கேட்டைத் தாண்டி மறைந்துவிட்டார்.

அடுத்த வளைவில் அவரைப் பிடித்துவிட்டேன். ரோட்டோர மதகின் மேல் உட்கார்ந்திருந்தார். மித்ராவை மட்டும் நிமிர்த்தி, நெஞ்சு மடங்காமல் இரண்டு கையாலும் பிடித்திருந்தார். அவர் முகம் சாம்பல் நிறமாகியிருந்தது. இரண்டு பேருக்கும் மூச்சு வாங்கியது. அதில் யாருடையது அதிகம் என்று சொல்ல முடியாது.

குழந்தையை என்னிடம் நீட்டினார். ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், சத்தம் வரவில்லை. கையைத் தூக்கி இரண்டு விரலைக் காட்டினார்.

எனக்குப் புரிந்தது. பறக்க வேண்டும் என்று என் கால்கள் துடித்தன. பறந்தால் நானும் அடுத்த மதகில் உட்கார்ந்துவிடுவேன். அதற்கப்புறம் அவளைக் கொடுக்க ஆள் கிடையாது. ஆகவே ஓடினேன் என்றும் சொல்ல முடியாமல், நடந்தேன் என்றும் சொல்ல முடியாமல், ஒரே சீராகப் போனேன். என் காதோரம் அவள் மூச்சு சீட்டியடித்துக்கொண்டே வந்தது. அது கேட்கிறவரை பயமில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆஸ்பத்திரிப் படியை மிதித்தபோது எனக்கு நர்ஸிடம் விவரம் சொல்லும் அளவுக்கு மூச்சு மிச்சமிருந்தது.

மித்ராவின் முகத்தில் மாஸ்க்கை வைத்து, மருந்து ஆவி புகையாகச் சுழல ஆரம்பித்த பிறகுதான் வாசலில் நிழல் தெரிந்தது. கதவைப் பிடித்துக்கொண்டு, மிச்சமிருந்த ஒற்றைச் செருப்பைக் கையில் வைத்தபடி அண்ணன் நின்றார். மலையாளி நர்ஸ் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"அடுத்தது இந்தச் சேட்டனுக்கா? வாங்க, இங்க இரிக்கு" என்று பக்கத்து ஸ்டூலைக் காட்டினார்.

மித்ரா மாஸ்க்குக்குள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் நான் சுவரோரம் உட்கார்ந்து அழுதேன்.

அப்புறம் ஸ்டாண்டில் அவரை யாரும் சும்மா விடவில்லை. "அண்ணே, அன்னிக்கு எந்த கியரு?" பல நாள் ஹாரன் அடித்துச் சமாளித்தார். ஒருநாள் பொறுக்க முடியாமல் சொன்னார்: "வண்டிதாண்டா செகண்ட் கியரு. நான் என்ன வண்டியா?"

போன வருடம் கணவருக்கு வேலை மாறி, நாங்கள் பாலக்காட்டுக்கு வந்துவிட்டோம். இங்கே எல்லாம் சமவெளி. ஆஸ்பத்திரி அடுத்த தெருவில் இருக்கிறது, வாசலில் ஆட்டோ நிற்கிறது. மித்ராவுக்கு இளைப்பும் குறைந்திருக்கிறது. இருந்தாலும் அவள் இருமினால் நான் எழுந்துவிடுகிறேன். எழுந்து, உடனே ஓடாமல், ஒரு நிமிடம் அவள் விலாவைப் பார்க்கிறேன்.

நாங்கள் கிளம்பிய அன்று பஸ் ஸ்டாண்டுக்குக் கொண்டுவிட அண்ணனின் ஜீப்தான் வந்தது. மூட்டை முடிச்சுகளுக்கு நடுவே நாங்கள் உட்கார்ந்திருந்தோம். வண்டி நகர்வதே தெரியவில்லை. ஒரு நாய் எங்களை முந்திப் போய், நின்று, திரும்பிப் பார்த்தது. நான் எட்டிப் பார்த்தேன். கியர் ஃபர்ஸ்ட்டில் இருந்தது.

"வண்டிக்கு என்னண்ணே?" என்றேன்.

"ரோடு சரியில்ல தங்கச்சி" என்றார், முன்னாலேயே பார்த்துக்கொண்டு.

அதற்கு முந்தைய வாரம்தான் அந்த ரோட்டுக்குப் புதிதாகத் தார் போட்டிருந்தார்கள்.