ஞாயிறு சாயங்காலம் ஆறு மணி ஏலம்

என்னை நானே மகா புத்திசாலி என்று நினைத்துக்கொண்ட நாட்களில்தான் நன்றாக அசடு வழிந்திருக்கிறேன். அதில் முதலிடம், அப்பாவின் டூ-இன்-ஒன்னை விற்கக் கிளம்பிய ஞாயிற்றுக்கிழமைக்கு.

மயிலாப்பூர் வீட்டைக் காலி செய்து அடையாறில் சின்ன ஃபிளாட்டுக்குப் போக வேண்டியிருந்தது. பரணிலிருந்து அது இறங்கியது. ரேடியோவும் கேசட்டும் சேர்ந்த கனமான பெட்டி. அம்மா இருந்தவரை சமையலறை ஜன்னலில் உட்கார்ந்து நாள் முழுக்கப் பாடும். அம்மா போன பிறகு யாரும் தொடவில்லை. பழைய சாமானுக்கு இப்போது ஏக கிராக்கி என்று ஆன்லைன் ஏலத்தில் போட முடிவு செய்துவிட்டேன். அப்பாவிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. (மடையன்.)

விஷயம் தெரிந்ததும் அப்பா கோபப்படவில்லை. "ஏலம் எப்போடா முடியும்?" என்றார்.

"நாமதான் நேரம் போடணும்ப்பா."

"ஞாயித்துக்கிழமை சாயங்காலம் ஆறு மணின்னு போடு. எல்லாரும் ஆத்துல இருப்பா."

போட்டேன். ஆரம்ப விலை நூறு. சென்னைக்காரர்கள் மட்டும், நேரில் வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். முப்பது பேர் கண் வைத்திருந்தார்கள். ஆனால் ஞாயிறு சாயங்காலம் வரை விலை கேட்டவர் ஒரே ஒருத்தர். நூற்றியொரு ரூபாய்.

"விவரமானவா கடைசி நிமிஷத்துலதான் பாய்வா. இருபதாயிரம் தாண்டும் பாரு" என்று என் மனைவி புவனாவிடம் அளந்தேன். அவள் பஜ்ஜி மாவு கரைத்துக்கொண்டே சிரித்தாள். (அந்தச் சிரிப்பை அப்போதே கவனித்திருக்க வேண்டும்.)

ஐந்து ஐம்பது. நூற்றியொன்று. ஐந்து ஐம்பத்தெட்டு. அதே நூற்றியொன்று. கடைசிப் பத்து வினாடியில், "யாராவது கேளுங்கோளேன்யா!" என்று போனைப் பார்த்துக் கத்தியே விட்டேன். மணி ஆறு. ஏலம் முடிந்தது.

ஆறு ஒன்றுக்கு மெசேஜ் கொட்டியது. நங்கநல்லூரிலிருந்து ஒருவர்: "ஆறு வரைக்கும் ராகு காலமாச்சே சார், அதுல போய் யாராவது வாங்குவாளா?" ராயப்பேட்டை ஆசாமி குரலையே பதிவு செய்து அனுப்பியிருந்தார்: "இன்னா சார், ராகு காலம் முடியட்டும்னு குந்திக்கினு இருந்தேன், அதுக்குள்ள கடைய சாத்திட்டியே!"

சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தேன். ராகு காலம் நாலரை முதல் ஆறு. தினமும் காலையில் எழுந்ததும் அந்தத் தாளைக் கிழிப்பவர் சாட்சாத் அப்பா.

அப்பா ஒரு மொய்க்கவரை நீட்டினார். உள்ளே நூற்றியொரு ரூபாய்.

"புவனா போன்லேர்ந்து நாலு மணிக்கே கேட்டுட்டேன். அப்போ குளிகை."

"வேணும்னு சொல்லியிருக்கலாமேப்பா?"

"நீ கேக்கவே இல்லையேடா."

எனக்கு வெட்கமாகப் போயிற்று. அழுகையும் வந்தது.

குளிகையில் செய்த காரியம் திரும்பத் திரும்ப நடக்கும் என்பது அப்பாவின் அசைக்க முடியாத நம்பிக்கை. நடந்துவிட்டது. ஏல ருசி கண்ட மனிதர் இன்றுவரை நிறுத்தவில்லை. அடையாறு ஃபிளாட்டில் இப்போது ஐந்து டூ-இன்-ஒன். பாடுவது என்னவோ அம்மாவின் ஜன்னல் பெட்டி மட்டும்தான். நான் எதையாவது விற்கலாமா என்று வாயைத் திறந்தால் போதும், "நேரம் யார் குறிச்சுக் குடுத்தா?" என்று புவனா உள்ளிருந்து கேட்பாள். அப்பா ஒன்றும் தெரியாதவர் மாதிரி சத்தத்தைக் கூட்டி வைப்பார்.