ஏரியைத் தூர்த்த ராஜா

நான் படித்தது ஐந்தாவது வரை. ஆனாலும் கூடுவாஞ்சேரிப் பக்கம் பாதிப் பேருக்கு வீட்டுமனை விற்றவன் நான்தான். (மீதிப் பேர் தப்பித்தார்கள் என்பாள் என் மனைவி.) அப்பேர்ப்பட்ட நான் ஒரே மாலையில் ஊருக்குக் கோமாளியான கதை இது.

தொண்ணூறுகளின் கடைசி. எனக்கு ஒன்றிய கவுன்சிலர் சீட்டு வேண்டும். அதைக் கொடுக்க வேண்டியவர் செங்கல்பட்டுக் கட்சித் தலைவர். அவரை மயக்க, திருவிழாவில் சரித்திர நாடகம் போட்டு அவரையே தலைமை தாங்க அழைத்தேன். செலவு என்னுடையது, ஆகவே ராஜா வேஷமும் என்னுடையது. எழுதியவர் கல்பாக்கத்தில் வேலை பார்த்த சபாபதி. என்னிடம் மனை வாங்கியவர். ஏரியைத் தூர்த்து நகரம் கட்டும் பல்லவ ராஜாவின் கதை.

ஒத்திகையில் சபாபதி மெல்ல ஆரம்பித்தார்.

"அண்ணாத்த, இதுல ராஜான்னா வெறும் ராஜா இல்ல. உள்ள ஒரு அர்த்தம் கீது."

கெட்ட ராஜா என்றால் தலைவர்தானே!

"இன்னாய்யா, என் சீட்டுக்கே வேட்டு வெக்கிறியா?"

அன்றே ராஜாவைத் திருத்தினேன். தலைவருக்கு முறுக்கு மீசை. ராஜாவின் ஒட்டு மீசையைப் பிய்த்தேன், என் மெல்லிய மீசையே போதும். தலைவருக்குச் சால்வை. ராஜாவுக்கு நான் எப்போதும் போடும் பச்சைத் துண்டு. தலைவர் அதிர்ந்து பேச மாட்டார். என் ராஜா என்னைப் போலவே தொடையைத் தட்டிக் கத்தினான். (என் மூளையை எனக்கே மெச்சத் தோன்றியது.)

மேடையில், ஏரிக்குள் எல்லைக்கல் நடும் காட்சி. வசனம் மறந்துவிட்டது. வாய் சும்மா இருக்குமா? தினம் சொல்வதைச் சொன்னது:

"ரயிலடி கூப்பிடு தூரம்! தண்ணிப் பிரச்சினையே கெடையாது!"

கூட்டம் விசிலடித்தது. என் நடிப்புக்கு என்று நினைத்து இன்னொரு முறை சொன்னேன்.

கூட்டத்தில் ஒருவர் எழுந்தார். "அத்த சொல்லித்தான எனக்கும் வித்த, நைனா! மழ வந்தா கட்டில் மேல குந்திகினு கீறோம்!"

தலைவர் கண்ணில் நீர் வரச் சிரித்தார். மைக்கைப் பிடித்து, "தன்னத் தானே தோலுரிச்சிக் காட்ட ஒரு தில் வேணும்" என்றார். சீட்டு, கட்டில்காரருக்குப் போனது. ஜெயித்தும் விட்டார்.

சபாபதியின் சட்டையைப் பிடித்தேன். அவர் பதறவில்லை. "தலைவர நான் நெனச்சே பாக்கல, அண்ணாத்த."

நானும் அதே மனைப்பிரிவில்தான் வீடு கட்டியிருக்கிறேன். (நல்ல மூலை மனை, விடுவேனா?) ஒவ்வொரு ஐப்பசியிலும் வாசற்படி தாண்டித் தண்ணீர் வரும்போது, புடவையை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு என் மனைவி அறைக்குள் குரல் கொடுப்பாள்:

"மன்னா! ஒங்க ஏரி வந்து கீது. உள்ள வரச் சொல்லட்டா?"