குடலுக்குள் குடித்தனம்

ஒன்று இந்த வீட்டில் கிருமி இருக்க வேண்டும், இல்லை நான் இருக்க வேண்டும் என்று சமையலறை வாசலில் நின்று சூளுரைத்தேன்.

"கிருமியே இருக்கட்டுங்க," என்றாள் மனைவி, அடுப்பிலிருந்து தலையைத் திருப்பாமல். "அது கத்தாது."

எனக்கு எப்படி இருக்கும்? நான் ரொட்டித் தொழிற்சாலையில் தரக் கட்டுப்பாட்டு அதிகாரி. மாவில் ஒரு தலைமுடி விழுந்தால், அந்தத் தலையையே வாசலுக்கு வெளியே நிறுத்துகிறவன். அங்கே தரக் கட்டுப்பாடு, வீட்டில் தாரக் கட்டுப்பாடு. நடுவே ஒரு துணைக்கால்தான் வித்தியாசம். துணையே காலை வாரினால் மனிதன் எங்கே போவான்?

எங்கள் மகள் தவழ ஆரம்பித்த நாளிலிருந்து என் ரத்தம் கொதிக்கிறது. கையில் அகப்படுவதெல்லாம் வாய்க்குள் போகிறது. செருப்பு வார். மிதியடியின் ஓரம். மாடிவீட்டு அக்கா வளர்க்கும் நாயின் காது. ஆமாம், நாயின் காது! அதுவும் என் கண்ணெதிரே!

"அக்கா! உங்க நாய் எங்க வீட்டுக்குள்ள ஏன் வருது?"

"அது எங்க வந்துச்சு தம்பி? உங்க பொண்ணுதான் காதைப் பிடிச்சு இழுத்துட்டுப் போறா. பாவம், வாயில்லா ஜீவன்."

"வாயில்லையா? அப்ப இவ கன்னத்தை எதால நக்குது?"

நாய் வாலை ஆட்டியது. இந்தக் கட்டடத்தில் என் பேச்சுக்கு அசைந்த ஒரே பொருள் அந்த வால்தான்.

அன்றே சட்டம் போட்டேன். குழந்தையைத் தூக்குகிறவர் முழங்கைவரை சோப்புப் போட வேண்டும். வேளைக்கு வேளை கிருமிநாசினியால் தரை துடைக்க வேண்டும். பொம்மைகளைக் கொதிக்க வைக்க வேண்டும். முதல் பலி ரப்பர் வாத்து. வாத்தாக உள்ளே போனது, தட்டையாக வெளியே வந்தது. மகள் அதைப் பார்த்து அழுதாள். மனைவி என்னைப் பார்த்துச் சிரித்தாள். எது அதிகம் சுட்டது என்று கேட்காதீர்கள்.

இத்தனை செய்தும் அந்த வாரமே குழந்தைக்கு மூக்கு ஒழுகியது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. தொழிற்சாலை நண்பர் ஒருவர் தன் பையன் குடித்து மீந்த ஆன்டிபயாடிக் சிரப்பைக் கொடுத்திருந்தார். நான் மூடியைத் திருகுவதற்குள் மனைவி மகளை அள்ளிக்கொண்டு அறைக்குள் போய்த் தாழ் போட்டுவிட்டாள்.

"கதவைத் திற!"

"எவனோ குடிச்ச மிச்சத்தை என் பிள்ளைக்கு ஊத்த விடமாட்டேன்."

"கிருமியைப் பூண்டோட அழிக்கணும்டி!"

"எல்லாக் கிருமியும் எதிரியா? உங்க ரொட்டி எதால உப்புது? ஈஸ்ட்டும் அந்தச் சாதிசனம்தானே? முதல்ல அதை அழிங்க. அப்புறம் சம்பளம் எப்படி உப்புதுன்னு பாப்போம்."

பதில் வராதபோதெல்லாம் எனக்குக் கோபம் இரண்டு மடங்காகும்.

"கிளம்பு டாக்டர்கிட்ட! நாய், செருப்பு, மிதியடி, ஒண்ணு விடாம சொல்றேன். அங்க இருக்கு உனக்கு!"

கதவு மெல்லத் திறந்தது. அவள் கண்கள் அகல விரிந்திருந்தன.

"டாக்டர்கிட்டயா? வேண்டாங்க... அந்தம்மா திட்டுவாங்க."

"திட்டட்டும்!"

கல்யாணமான நாளிலிருந்து அந்த முகத்தில் பயத்தை நான் பார்த்ததில்லை. ஆட்டோவில் போகும்போது திரும்பித் திரும்பிப் பார்த்து ரசித்தேன்.

டாக்டரம்மா குழந்தையின் நெஞ்சிலும் முதுகிலும் ஸ்டெதாஸ்கோப் வைத்துப் பார்த்தார். காதைப் பார்த்தார். தொண்டையைப் பார்த்தார். நான் குற்றப்பத்திரிகையை வாசித்து முடித்து, சிரப் பாட்டிலை மேசைமேல் வைத்தேன்.

"இதை யார் குடுக்கச் சொன்னது?"

"நண்பர்."

"டாக்டரா?"

"மாவு பிசையிற பிரிவு."

பாட்டில் குப்பைக்கூடைக்குள் போய் விழுந்தது.

"இது வைரஸ் சளி. அதுக்கு இந்த மருந்தால ஒண்ணும் ஆகாது. ஆனா குடல்ல இருக்கிற நல்ல கிருமிகளைக் காலி பண்ணிடும். பிறந்த குழந்தையோட குடல் ஆள் வராத வீடு மாதிரிங்க. அம்மாகிட்டேருந்து, தாய்ப்பால்லேருந்து, வீட்டுலேருந்து ஒவ்வொண்ணா வந்து குடியேறும். உடம்போட காவல்படை அதுங்களோட பழகித்தான் யார் வேண்டியவன், யார் திருடன்னு கத்துக்குது. கத்துக்கிற வயசுல அதுங்களை விரட்டிட்டா, பின்னாடி பூவோட மகரந்தத்தைப் பார்த்தும் வேர்க்கடலையைப் பார்த்தும் திருடன் திருடன்னு கத்தலாம். அலர்ஜி, மூச்சிழுப்புன்னு வர்றதுக்கு அதுவும் ஒரு காரணம். ஆன்டிபயாடிக் தேவைப்பட்டா நானே எழுதுவேன்."

"அப்ப கையே கழுவ வேண்டாமா?" என்று சீறினேன்.

"நல்லாக் கழுவுங்க. சாப்பிடுறதுக்கு முன்னாடி, கழிப்பறை போயிட்டு வந்த பிறகு. நாய்க்கு ஊசி போட்டிருக்கான்னு கேட்டுக்குங்க. அதை விட்டுட்டுப் பிள்ளையை ரொட்டித் தட்டு மாதிரி வேக வைக்காதீங்க."

மனைவி தலைகுனிந்து உட்கார்ந்திருந்தாள். தோள் குலுங்கியது. அழுகிறாளோ என்று ஒரு கணம் இரக்கப்பட்டேன். குனிந்து பார்த்தேன். சிரிப்பு!

என் மடியிலிருந்த மகள் என் சட்டைப் பொத்தானைச் சப்பிக்கொண்டிருந்தாள். கூடைக்குள் கிடந்த பாட்டில் கண்ணில் பட்டது. கதவு மட்டும் தாழிடப்படாமல் இருந்திருந்தால் அதில் பாதி இந்நேரம் இவள் வயிற்றுக்குள். அதற்கும் சேர்த்துக் கோபம்தான் வந்தது. டாக்டரம்மாமேல், மாவு பிசைகிறவன்மேல், நாய்மேல். யார்மேல் வர வேண்டுமோ அந்த ஆளைத் தவிர மற்ற எல்லார்மேலும்.

பொத்தானை அவள் வாயிலேயே விட்டு, அவளைத் தூக்கிக்கொண்டு விறுவிறுவென்று வெளியே வந்தேன். வீட்டுக்குப் போய் மனைவியை ஒரு பிடி பிடித்தால்தான் மனம் ஆறும்.

வாசலில் டோக்கன் கொடுக்கும் நர்ஸ் எனக்குப் பின்னால் வந்த மனைவியைப் பார்த்துக் கையைத் தட்டினாள்.

"அக்கா! 'வான்னா வரமாட்டார், வேண்டாம்னா முதல் ஆளா வந்து நிப்பார்'னு காலையில டோக்கன் போடச் சொல்லி போன் பண்ணப்ப சொன்னீங்களே, அப்படியே கூட்டிட்டு வந்துட்டீங்களே!"