நான்காம் முறை செத்த மாமியார்

1972 ஆடி மாதம். நன்னிலத்துக்குக் கிழக்கே அய்யாவு சாமியின் கொட்டகை வாசலில் மாட்டுவண்டி நிறுத்த இடமில்லை.

மேட்டூர் அணை வறண்டு கிடந்தது. ஆற்றில் மணல் பறந்தது. குடகுமலையில் பெய்தால்தான் அணை நிறையும். அணை திறந்தால்தான் நடவு. அந்த மலையில் பெய்யும் மழையை அய்யாவு இங்கே உட்கார்ந்தபடியே சொல்லுவார். மூன்று தடவை சொன்னார். மூன்று தடவையும் மறுநாள் பத்திரிகை அதையே அச்சடித்தது. பத்திரிகையை முந்துகிறவர் சாமியாகத்தானே இருக்க வேண்டும்? கோழியும் நெல்லும் வந்து குவிந்தன. காவேரித்தாய் கோழி தின்பாளா என்று யாரும் கேட்கவில்லை.

ஆனால் அந்த மழை ஒவ்வொரு முறையும் ஒரே நாள் கொட்டிவிட்டு நின்றது. அதற்கும் சாமியிடம் விளக்கம் இருந்தது.

"கூலி ஒசத்திக் கேட்டுக் கொடி புடிச்சீங்கல்ல? அம்மாவுக்குக் கோவம். பழைய கூலிக்கு எறங்குறவரைக்கும் தண்ணி வராது."

கொட்டகை போட்டுக் கொடுத்தவர் மிராசுதார் பஞ்சநாதன். தற்செயல்தான்.

கூலிக்காரர்கள் வீட்டில் அடுப்பு எரிந்து நாளாகியிருந்தது. "எறங்கிடலாம்டி. புள்ளைங்க முகத்தப் பாக்க முடியல" என்றாள் காளியம்மாள்.

அவளோடு நடவுக்குப் போகும் அம்சம் வேறொன்றை யோசித்துக்கொண்டிருந்தாள்.

"ஏன்க்கா, சாமியோட மாமியாருக்கு எத்தன உசுரு?"

சாமிக்கு இங்கிலீஷ் தெரியாது. தந்தி வந்தால் தபால்காரர் வைரக்கண்ணு வாசலில் நின்று சத்தமாகப் படித்துச் சொல்லுவார். மூன்று தந்திகளும் குடகுமலையில் இருக்கும் மடிக்கேரியிலிருந்து வந்தவை. மூன்றிலும் ஒரே சேதி: மாமியார் காலமானார். ஒரு தடவைகூடச் சாமி சாவுக்குப் போகவில்லை. துண்டை உதறிக்கொண்டு அருள்வாக்குச் சொல்லத்தான் போனார்.

அம்சத்தின் புருஷன் மருதையன் கடன் வாங்கிக்கொண்டு மடிக்கேரிக்குப் பஸ் ஏறினான். ஐந்தாம் நாள் கடிதம் வந்தது.

'சாமி மச்சான் இங்க காப்பித் தோட்டத்துல கணக்கெழுதுற ரைட்டர். தெனம் மழைமானியப் பாக்குறது அவன் வேலை. மழை கொட்டுனா தந்தி அடிக்கிறதும் அவன்தான். இந்த மலையில ஒரே நாள்ல ஓரடி மழை கொட்டுது. மலைக்கு அந்தப் பக்கம் துணி காயுது. மறுநாள் இங்கயும் வெயில். மழை பிந்துற வருசமெல்லாம் இங்க இப்படித்தானாம். நாம கொடி புடிச்சதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல. வெள்ளிக்கிழமை காலைல வெயிலப் பாத்துட்டு நானே தந்தி அடிக்கிறேன்.'

வெள்ளிக்கிழமை காலையிலேயே கொட்டகை நிறைந்துவிட்டது. அம்சம் எழுந்து நின்றாள்.

"இன்னிக்குச் சாமியோட மாமியார் சாவும். அப்புறம் குடகுல மழை பெய்யும்."

கூட்டம் அவளை அடிக்காத குறை. பஞ்சநாதன் சிரித்தார்.

மதியம் வைரக்கண்ணு சைக்கிளில் வந்தார். படித்தார். மாமியார் காலமானார். அய்யாவு துண்டை உதறினார். கண் செருகியது.

"கொட்டுது! குடகுமலையில கொட்டுது! பழைய கூலிக்கு எறங்குங்கடா!"

 கூட்டத்தில் ஏழெட்டுப் பேர் விழுந்து கும்பிட்டார்கள். சாமியை அல்ல, அம்சத்தை! ஒருவர் தேங்காயே உடைத்துவிட்டார்.

"எந்திரிங்க! அறிவிருக்கா உங்களுக்கு? அந்தத் தந்தி என் புருஷன் அடிச்சது. அங்க வெயில் காயுது!"

அருளில் இருந்த அய்யாவு சட்டென்று கண்ணைத் திறந்தார்.

"பொய்! அந்த வார்த்தைக்கு அர்த்தம் மழைன்னு மச்சானத் தவிர யாருக்கும் தெரியாது!"

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே விளங்கியது. பஞ்சநாதன் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். காளியம்மாள் தான் கொடுத்த கோழியைக் கூண்டிலிருந்து எடுத்துக்கொண்டு நடந்தாள். மறுநாள் பத்திரிகை மடிக்கேரியில் மழை இல்லை என்றது.

ஆவணியில் குடகில் பத்து நாள் விடாமல் பெய்தது. அணை திறந்தது. கேட்ட கூலியைக் கொடுத்த பிறகுதான் பஞ்சநாதன் வயலில் பெண்கள் இறங்கினார்கள்.

நாளைக்கு இன்னொருவன் வருவான். எங்கோ நடப்பதை இங்கிருந்தே சொல்லுவான். உனக்கு யார் சொன்னது என்று கேளுங்கள். கேட்டால் சாமி கண்ணைக் குத்தாது. ஆசாமி வேண்டுமானால் ஊரைவிட்டு ஓடுவான்.