அடர்நீலம் பூசிய பக்கங்கள்

அன்புள்ள தங்கைக்கு,

உன் அண்ணன் எழுதிக்கொள்வது. இங்கே அண்ணி நலம், என் சர்க்கரை அளவு நலம், என் மானம் மட்டும் படுத்த படுக்கையாக இருக்கிறது. அங்கே நீயும் மாப்பிள்ளையும், என் மேல் உனக்குள்ள கோபமும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய ஆவல்.

நம் குடும்பத்தைப் பற்றி நீ எழுதிய புத்தகத்தைப் பதிப்பாளரிடம் கொடுக்கும் முன் பார்த்துத் தரச் சொல்லி எனக்கு அனுப்பினாய். அலுவலகத்தில் அடுத்தவர் எழுதியதைத் திருத்தியே ஓய்வு பெற்றவன் அல்லவா, கை துறுதுறுத்தது. கணினியில் வரிகளுக்கு நிறம் பூசும் வசதியைத் திறந்தேன். அதில் இருந்த நிறங்களெல்லாம் பிள்ளைகளின் பலூன் மாதிரி இருந்தன. வேண்டிய நிறத்தை நாமே கலந்துகொள்ளலாம் என்று கண்டுபிடித்ததுதான் வினை. பிரமாதமான பகுதிகளுக்கு, என் மேலதிகாரியின் கோட்டு நிறத்தில் கம்பீரமான அடர்நீலம். வெட்ட வேண்டியவற்றுக்குச் சோகை பிடித்த வெளிர்மஞ்சள். படித்து முடித்த பிறகுதான் பூசினேன், பூசிய பிறகு திரும்பிப் பார்க்கவில்லை. கறுப்பு எழுத்து அந்த நீலத்துக்குள் மூழ்கிப்போகும் என்று எனக்கு யார் சொன்னார்கள்? எந்த நிறத்துக்கு என்ன பொருள் என்று ஒரு வரி எழுதியிருக்கலாம். தங்கை புத்திசாலி, புரிந்துகொள்வாள் என்று விட்டுவிட்டேன்.

நீயும் புரிந்துகொண்டாய். பரீட்சைக்குப் படிக்கும்போது முக்கியமான வரிக்கெல்லாம் மஞ்சள் அடித்துப் பழகியவள், மஞ்சளை வைத்துக்கொண்டு நீலத்தை எல்லாம் வெட்டி எறிந்துவிட்டாய். மாப்பிள்ளைதான் போனில் சொன்னார். "மச்சான், பிரிண்ட் எடுக்கப் போன கடையில, 'என்னக்கா, ரகசிய வாக்குமூலமா, இப்படி மறைச்சிருக்கு'ன்னு கேட்டாங்களாம். வந்ததுலேர்ந்து ஒரே அழுகை. அம்மா அத்தியாயத்தையே அண்ணன் கறுப்படிச்சுட்டாரேன்னு." ஆஸ்பத்திரியில் அம்மாவுக்கு நீ தலை வாரிவிட்ட அந்த அத்தியாயத்தைப் படித்துவிட்டு, குளியலறைக் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். அதை உன்னிடம் சொல்ல வாய் வரவில்லை. அதனால்தான் இருப்பதிலேயே உயர்ந்த நிறமாகத் தேடிப் பூசினேன். நல்லா இருக்கு என்று ஒரு வார்த்தை சொல்லித் தொலைத்திருக்கலாம். வருத்தமாக இருக்கிறதம்மா.

நேற்று அண்ணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு என் திரையைப் பார்த்தாள். "இதுல எழுத்து எங்கங்க இருக்கு?" என்றாள். பிறகு அவளே பக்கத்தில் உட்கார்ந்து, வாசிக்க முடிகிறதா என்று ஒவ்வொரு நிறமாகப் பார்த்து, இளம்பச்சையைத் தேர்ந்தெடுத்துத் தந்தாள். நீலம் இருந்த இடமெல்லாம் இப்போது இளம்பச்சை. புதுப் பிரதியை இத்துடன் அனுப்புகிறேன். பச்சையை எல்லாம் திரும்பச் சேர்த்துவிடு, மஞ்சளைத் தயங்காமல் தூக்கிவிடு. பதிப்பாளர் கொடுத்த கெடு இந்த வாரத்தோடு முடிகிறது. அண்ணன் சொன்னால் கேள்.

மாப்பிள்ளைக்கு என் அன்பு. உனக்கு என் ஆசிகள், கோபம் தணிந்த பிறகு எடுத்துக்கொள்.

இப்படிக்கு,
வாயிருந்தும் பேசத் தெரியாத
அண்ணன்

பின்குறிப்பு: இதை அனுப்புவதற்குள் அண்ணி பிரதியை முழுக்க வாசித்துவிட்டாள். "அம்மா அத்தியாயத்தை விட்டா, பச்சையெல்லாம் நீங்க நல்லவரா வர்ற இடம். மஞ்சளெல்லாம் நீங்க தங்கச்சியைப் படுத்தின இடம்" என்கிறாள். இல்லை என்று நிரூபிக்கப் பக்கம் பக்கமாகப் புரட்டினேன், முடியவில்லை. ஆகவே மேலே சொன்ன யோசனையை விட்டுவிடு. மஞ்சள் அப்படியே இருக்கட்டும். பச்சையில் அம்மா அத்தியாயத்தை மட்டும் சேர்த்துக்கொள். அதில் நான் ஒரு வரியிலும் இல்லை. ஆஸ்பத்திரிப் பக்கமே நான் வரவில்லையே.