உறை பாயும் ஜவ்வாது மலைக் கரடியும்

எந்தத் துப்பாக்கிக்கும் அளவெடுத்துச் சட்டை தைக்கக்கூடிய ஒரே மனிதர் பூந்தமல்லி உறை பாய்தான். ஆவடி முகாமில் எந்தத் துரை இடுப்பைப் பார்த்தாலும், துப்பாக்கியைச் செருகிய தோலுறை எங்கள் பட்டறையில் பாய் தைத்ததாக இருக்கும். ஒரே ஒரு குறை. பாய் அதுவரை ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை.

யுத்த காலம். தோல் பதனிட மரப்பட்டை வாங்க ஜவ்வாது மலைக்குப் போன எங்கள் பட்டறை ஆள் ஒருவர், ஒரு காதைக் கரடிக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பியிருந்தார். "அடுத்து நீங்க போங்க" என்று முதலாளி பாயிடம் சொன்னதும், அவர் டீயில் தோய்த்த பொறை ரொட்டி உள்ளேயே கரைந்தது. அந்தக் கணத்தில்தான் யோசனை உதித்தது.

"மொதலாளி, உங்க லைசென்ஸ்ல ஒரு கைத்துப்பாக்கி குடுங்க. கரடியா நானான்னு பாத்துடறேன்!"

முதலாளியிடம் இரண்டு இருந்தன. சட்டைப்பையில் அடங்கும் குட்டிப் பிஸ்டல் ஒன்று, குழவிக்கல் கனத்தில் ரிவால்வர் ஒன்று. பட்டறையில் கணக்கு எழுதும் நான், நாலு ஆங்கிலப் புத்தகம் படித்த தெம்பில் பிஸ்டலைச் சிபாரிசு செய்தேன். பாய் ஒப்பவில்லை.

"இத்தால சுட்டா கரடிக்குக் கோவந்தான் வரும் நைனா. எவன்டா கிள்றவன்னு திரும்பிப் பாக்கும். நடுவுல குண்டு சிக்கிக்கினா, ரிப்பேர் பண்ற வரைக்கும் நின்னுகினு இருக்குமா?"

ரிவால்வரே முடிவாயிற்று. அதற்குப் பாய் தைத்த உறை மணப்பெண் ஜோடனை. பூவேலை, இரட்டைத் தையல், மேலே மூடும் மடல், அதில் இரண்டு பித்தளைப் பித்தான்.

பட்டறைக்குப் பின்னால் ஒத்திகை. உறைக்குள் மரத்துப்பாக்கி. நான் கறுப்புக் கம்பளியைப் போர்த்துக்கொண்டு நாலு காலில் பாய்ந்தேன்.

"இரு நைனா, பித்தான் கயல மாட்டேங்குது!"

"கரடிகிட்டயும் 'இரு'ன்னுதான் சொல்வீங்களா?" என்று கட்டிப்பிடித்து உருட்டினேன். மறுபடியும் பாய்ந்தேன், மறுபடியும் உருட்டினேன். ஒவ்வொரு முறை செத்து எழுந்ததும் பாய் முதலில் பார்த்தது, உறையில் கீறல் விழுந்ததா என்பதைத்தான்.

"மடலை வெட்டிடுங்க பாய்."

"என் தையல் மேல கத்தியா? உசுரு போனா போவட்டும் போ!"

அப்போது முதலாளி எட்டிப் பார்த்தார். "கணக்குக்கு ஆள் வேணும். நீயும் பாயோட மலைக்குப் போ" என்றார் என்னிடம். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. மலை! காடு! கரடி!

பாய் மட்டும் சிரிக்கவில்லை. "கரடி ஒன் மேல பாஞ்சா, நான் பித்தான் கயட்டிக்கினு நிக்கறதா?" என்றார் மெதுவாக. தோல் வெட்டும் கத்தியை எடுத்தார். ஒரே இழுப்பு. பூவேலை மடல் மண்ணில் விழுந்தது. அதை அவர் குனிந்துகூடப் பார்க்கவில்லை.

உறையை என் இடுப்பில் கட்டினார். லொடலொடத்தது. என் ஒல்லி இடுப்புக்காக வாரில் புதிதாக ஒரு துளை போட்டார்.

"அப்ப உங்களுக்கு, பாய்?"

"நான் மரம் ஏறிக்கிறேன்."

"கரடியும் மரம் ஏறும் பாய்."

"ஏறட்டுமே. நீ கீய நின்னு சுடு." கம்பளியைப் பிடுங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டார். "நாளைக்கு நான்தான் கரடி. வேகமா உருவணும், இன்னா?"